பழைய கேஸ் இருக்கிறதா? மசாஜ் தெரபி லைசென்ஸுக்குக் கலிஃபோர்னியா, டெக்சஸ், நியூயார்க்: எது யாருக்கு?

அமெரிக்காவில் மசாஜ் தெரபி படிக்க நினைக்கும் நம்மவர்கள் இப்போது நிறையப் பேர். கணவர் வேலைக்காக வந்து, பிள்ளைகள் பள்ளிக்குப் போக ஆரம்பித்ததும் தனக்கென்று ஒரு தொழில் தேடுகிறவர்கள் ஒரு பக்கம். ஐ.டி. வேலை போய், கையால் செய்யும் தொழில் ஒன்றைக் கற்றுக்கொள்ளலாம் என்று வருபவர்கள் இன்னொரு பக்கம். எத்தனை மணி நேரப் படிப்பு, என்ன தேர்வு என்றெல்லாம் கேட்டு முடித்த பிறகுதான் மனதில் இருக்கும் கேள்வி வெளியே வரும். "அக்கா, சில வருடத்துக்கு முன்னால் ஒரு கடையில் பொருள் எடுத்ததாக என் மேல் கேஸ் ஆச்சு. ஃபைன் கட்டி முடிச்சுட்டேன். லைசென்ஸ் கொடுப்பாங்களா?" சிலருக்கு அது குடித்துவிட்டு வண்டி ஓட்டிய கேஸ். சிலருக்கு வீட்டுச் சண்டையில் யாரோ போலீஸைக் கூப்பிட்டு, அது அடிதடி கேஸாக முடிந்தது.

இதற்கு ஒரே பதில் கிடையாது. மசாஜ் தெரபிக்கு நாடு முழுவதற்குமான சட்டம் அமெரிக்காவில் இல்லை; ஒவ்வொரு மாநிலமும் தனக்கென்று எழுதி வைத்திருக்கிறது. டல்லஸில் வாய்ப்பு வந்திருக்கிறது, பே ஏரியாவிலேயே இருக்கலாமா, நியூயார்க் பக்கம் போகலாமா என்று குடும்பம் யோசிக்கும் நேரத்தில்தான் பலர் இந்தக் கேள்வியோடு வருகிறார்கள். அதனால் அந்த மூன்று மாநிலங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பள்ளிக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால், உங்கள் கேஸைப் பற்றி அரசிடமிருந்து எழுத்தில் பதில் வாங்க முடிகிறதா என்பதுதான் மற்ற எல்லாவற்றையும் விட முக்கியம். படிப்பு முடிந்து, ஆயிரக்கணக்கான டாலர் செலவான பிறகு "உங்களுக்குக் கிடையாது" என்ற கடிதத்தைப் பெறுவது கொடுமை. அந்த நிலைமை யாருக்கும் வரக்கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

## எதை வைத்து எடை போடுவது?

படிப்பு நேரமும் தேர்வும் எல்லோரும் பார்ப்பவை. பழைய கேஸ் இருப்பவர்கள் கூடவே இன்னும் சிலவற்றைப் பார்க்க வேண்டும்:

- முடிவெடுப்பது யார், அவர்கள் கைக்கு எவ்வளவு அதிகாரம் கொடுக்கப்பட்டிருக்கிறது?
- எந்தக் குற்றங்களுக்குக் கதவு நிரந்தரமாக மூடப்படுகிறது?
- படிப்பில் சேரும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ள வழி உண்டா?
- மறுப்பதாக இருந்தால், அதற்கு முன் உங்கள் தரப்பைச் சொல்ல வாய்ப்புத் தருகிறார்களா?
- வாங்கிய லைசென்ஸ் நாளை வேறு மாநிலத்துக்குப் போனால் உதவுமா?

இந்தத் தொழிலுக்கு ஏன் இவ்வளவு கெடுபிடி என்றும் புரிந்துகொள்வது நல்லது. மசாஜ் பார்லர் என்ற பெயர்ப்பலகைக்குப் பின்னால் பாலியல் தொழிலும் ஆள்கடத்தலும் நடந்த வரலாறு நீண்டது. அதைத் தடுப்பதற்காக எழுதிய சட்டங்கள் என்பதால், பாலியல் தொடர்பான குற்றங்களை அவை கடுமையாகப் பார்க்கின்றன. மற்றவற்றை ஒப்பீட்டளவில் நிதானமாக அணுகுகின்றன. ஆகவே எந்த மாநிலம் என்பதை விட, எந்த மாதிரியான கேஸ் என்பதுதான் பல சமயம் முடிவைத் தீர்மானிக்கிறது.

## எல்லாவற்றுக்கும் முன்னால்: உங்கள் பதிவை நீங்களே பாருங்கள்

"கேஸ் டிஸ்மிஸ் ஆயிடுச்சு" என்று சொல்பவர்களில் பலருக்கு உண்மையில் என்ன பதிவாகியிருக்கிறது என்று தெரியாது. எஃப்.பி.ஐ.யிடம் கைரேகை கொடுத்து, 18 டாலர் கட்டி, உங்கள் பெயரில் இருக்கும் பதிவை நீங்களே வாங்கிப் பார்க்கலாம். கூடவே கேஸ் நடந்த கவுன்ட்டி நீதிமன்றத்தில் முத்திரையிட்ட இறுதி உத்தரவின் நகலையும் வாங்கி வையுங்கள். எந்த மாநிலமானாலும் அந்தத் தாளைக் கேட்பார்கள்.

உத்தரவில் பார்க்க வேண்டியது மூன்று. குற்றச்சாட்டு எந்தச் சட்டப் பிரிவில் முடிந்தது? அது மிஸ்டிமீனரா (சிறு குற்றம்), ஃபெலனியா (பெருங்குற்றம்)? நீங்கள் குற்றத்தை ஒப்புக்கொண்டு ப்ளீ (நீதிமன்றத்தில் தரும் வாக்குமூலம்) கொடுத்தீர்களா, இல்லை ப்ளீயே இல்லாமல் டைவர்ஷன் (சொன்ன நிபந்தனைகளை முடித்தால் கேஸைக் கைவிடும் ஏற்பாடு) முடித்துக் கேஸ் விழுந்ததா? கைது செய்யப்பட்டபோது போட்ட பிரிவும் கடைசியில் முடிந்த பிரிவும் பெரும்பாலும் வேறு வேறாக இருக்கும். கைரேகைச் சோதனையில் இரண்டுமே தெரியவரும்.

## கலிஃபோர்னியா

கலிஃபோர்னியாவில் மாநில மசாஜ் லைசென்ஸ் என்று ஒன்று கிடையாது. அதற்குப் பதில் கலிஃபோர்னியா மசாஜ் தெரபி கவுன்சில் என்ற லாப நோக்கமற்ற அமைப்பு 2009 முதல் சான்றிதழ் தருகிறது. சி.ஏ.எம்.டி.சி. என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். சட்டப்படி இந்தச் சான்றிதழ் விருப்பத்தைப் பொறுத்தது. நடைமுறையில் அப்படி இல்லை: பல நகரங்கள் தங்கள் எல்லைக்குள் மசாஜ் செய்ய இந்தச் சான்றிதழ் வேண்டும் என்று விதி வைத்திருக்கின்றன, நல்ல ஸ்பாக்களும் கேட்கின்றன.

படிப்பு. 500 மணி நேரம். அதில் 100 மணி நேரம் உடற்கூறியல், உடலியங்கியல், எப்போது மசாஜ் செய்யக்கூடாது, சுகாதாரம், தொழில் நெறி போன்ற பாடங்கள். எம்ப்ளெக்ஸ் (பல மாநிலங்கள் கேட்கும் மசாஜ் லைசென்ஸ் தேர்வு) இப்போது கட்டாயமில்லை.

பின்னணிச் சோதனை. லைவ் ஸ்கேன் முறையில், அதாவது கணினியில் கைரேகை எடுப்பார்கள். மாநில நீதித்துறை, எஃப்.பி.ஐ. இரண்டு இடத்திலிருந்தும் பதில் வரும். பாலியல் குற்றவாளியாகப் பதிவு செய்ய வேண்டியவர் என்றால் மறுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. மற்ற குற்றங்களில், அது மசாஜ் தொழிலின் தகுதிகளோடும் கடமைகளோடும் கணிசமாகத் தொடர்புடையதா என்று பார்க்கிறார்கள். "கணிசமாக" என்பதற்குள் கவுன்சிலுக்கு நிறைய இடம் இருக்கிறது. தண்டனை இல்லாவிட்டாலும், தொழிலோடு தொடர்புள்ள நேர்மையற்ற செயல் நடந்தது என்று தெரிந்தால் அதையும் எடுத்துக்கொள்ள முடியும்.

இங்கே பலர் குழம்பும் இடம் ஒன்று. கலிஃபோர்னியாவில் 2018-இல் நிறைவேறிய ஒரு சட்டம், பெரும்பாலான பழைய குற்றங்களுக்கு ஏழு ஆண்டு வரம்பு வைத்தது. 2020 ஜூலையில் அது நடைமுறைக்கு வந்தது. அதைக் கேள்விப்பட்டு "ஏழு வருடம் ஆகிவிட்டது, இனிக் கேட்க மாட்டார்கள்" என்று நம்புகிறவர்கள் உண்டு. அந்த வரம்பு மாநில வாரியங்களுக்கு எழுதப்பட்டது. சி.ஏ.எம்.டி.சி. மாநில வாரியம் கிடையாது. பழைய கேஸ் என்பது உங்கள் பக்கம் பேசும் நல்ல வாதம்தான். ஆனால் தானாகவே காப்பாற்றும் என்று நினைத்துப் படிப்பில் இறங்காதீர்கள்.

இன்னொன்று, "எக்ஸ்பஞ்ச் பண்ணியாச்சு", அதாவது பதிவையே அழித்தாயிற்று என்பது. கலிஃபோர்னியாவில் மக்கள் அப்படிச் சொல்வது பெரும்பாலும் குற்றவியல் சட்டத்தின் 1203.4 பிரிவில் கேஸை டிஸ்மிஸ் செய்வதைத்தான். மாநில, உள்ளாட்சி அமைப்புகளின் லைசென்ஸ் விண்ணப்பத்தில் நேரடியாகக் கேட்டால் அந்தத் தண்டனையைச் சொல்ல வேண்டிய கடமை தீரவில்லை என்று அதே பிரிவு சொல்கிறது. ஆகவே கேட்ட இடத்தில் சொல்லிவிடுங்கள். மறைத்தது தெரிந்தால், சின்னக் கேஸ் கூட நேர்மையின்மை என்ற பெரிய காரணமாக மாறிவிடும்.

மறுத்தால். குறைந்தது 15 நாள் முன்னதாகக் காரணத்தோடு நோட்டீஸ் வரும். முடிவு அமலுக்கு வரும் தேதிக்குக் குறைந்தது ஐந்து நாள் முன்பாக, வாய்மொழியாகவோ எழுத்திலோ உங்கள் தரப்பைச் சொல்ல வாய்ப்பு உண்டு. அதற்குப் பிறகு நீதிமன்றம்தான். இந்தக் கால அளவு ரொம்பவே குறைவு. நோட்டீஸ் வந்த பிறகு வக்கீல் தேடலாம் என்றால் நேரம் போதாது.

வெளியில் தெரியாத செலவு. பள்ளியைத் தேர்ந்தெடுப்பதில்தான் பெரிய ஆபத்து. சி.ஏ.எம்.டி.சி. அங்கீகரித்த பள்ளியில் படித்த மணி நேரம் மட்டுமே கணக்கில் வரும். போலி மதிப்பெண் பட்டியல் கொடுத்ததாகப் பள்ளிகள் அங்கீகாரம் இழந்திருக்கின்றன. மாநிலம் நடத்த அனுமதி கொடுத்திருக்கிறது என்று பள்ளி சொன்னால் அது வேறு, இந்த அங்கீகாரம் வேறு. அடுத்தது, நகர விதிகள். 2015 முதல் மசாஜ் நிலையங்களைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் நகரங்களுக்குத் திரும்பக் கிடைத்தது. சான்றிதழ் வாங்கியவரிடம் தொழில் செய்வதற்கு இன்னொரு லைசென்ஸ் கேட்க முடியாது. ஆனால் நிலையம் எங்கே இருக்கலாம், எத்தனை மணி வரை திறக்கலாம், சான்றிதழ் இல்லாத உரிமையாளரின் பின்னணி என்ன என்றெல்லாம் கேட்கலாம். கணவர் பெயரில் கடை, மனைவி தெரபிஸ்ட் என்று திட்டமிடுகிறவர்கள் கவனிக்க வேண்டும்: அப்போது கணவரின் பதிவும் மேசைக்கு வரும்.

யாருக்கு ஏற்றது? ஒரே ஒரு பழைய சின்னக் கேஸ், ஏற்கெனவே அங்கே குடியிருக்கிறீர்கள், தேர்வுப் பயம் உண்டு என்றால் கலிஃபோர்னியா நல்ல தேர்வு. கைது பாலியல் தொழில் சம்பந்தப்பட்ட பிரிவில் நடந்து, பிறகு வேறு பிரிவுக்குக் குறைக்கப்பட்டிருந்தால் இது எளிதான மாநிலம் இல்லை. போலீஸ் அறிக்கையில் என்ன எழுதியிருக்கிறது என்பதும் அங்கே பேசப்படும்.

## டெக்சஸ்

டெக்சஸில் லைசென்ஸ் கட்டாயம். 2017 நவம்பர் முதல் இதைக் கவனிப்பது டெக்சஸ் லைசென்சிங் அண்ட் ரெகுலேஷன் துறை, சுருக்கமாக டி.டி.எல்.ஆர்.

படிப்பு. இங்கேயும் 500 மணி நேரம், ஆனால் பங்கீடு சட்டத்திலேயே இருக்கிறது: மசாஜ் செய்முறைக்கு 200 (அதில் ஸ்வீடிஷ் 125), உடற்கூறியல் 50, உடலியங்கியல் 25, கினிசியாலஜி (உடல் அசைவு பற்றிய பாடம்) 50, நோயியல் 40, நீர் சிகிச்சை 20, தொழில் நடைமுறையும் நெறியும் 45, சுகாதாரமும் முதலுதவியும் 20, இன்டர்ன்ஷிப் 50. படிக்கும்போதே மாணவர் பெர்மிட் வேண்டும். எம்ப்ளெக்ஸ் தேர்வு, மாநிலச் சட்டம் பற்றிய தனித் தேர்வு இரண்டையும் எழுத வேண்டும். எம்ப்ளெக்ஸ் 100 கேள்விகள், கணினியில். உடற்கூறியல் சொற்களை ஆங்கிலத்தில் பழகாதவர்களுக்குத் தயாரிப்புக்கு நேரம் வேண்டும்.

பின்னணிச் சோதனை. கைரேகை உண்டு. ஆள்கடத்தல், பாலியல் தொழில் தொடர்பான குற்றங்கள், பிற பாலியல் குற்றங்கள்: இவற்றில் தண்டனை பெற்றிருந்தாலோ, குற்றத்தை ஒப்புக்கொண்டோ மறுக்காமலோ ப்ளீ கொடுத்திருந்தாலோ, டெஃபர்டு அட்ஜுடிகேஷன் வாங்கியிருந்தாலோ தகுதியே இல்லை. கால வரம்பும் இல்லை. மசாஜ் சட்டத்தையே மீறித் தண்டனை பெற்றவருக்கு ஐந்து ஆண்டுத் தடை.

டெஃபர்டு அட்ஜுடிகேஷனைக் கொஞ்சம் விளக்க வேண்டும். குற்றத்தை ஒப்புக்கொண்டு, நீதிபதி தண்டனை விதிக்காமல் ப்ரொபேஷனில் (நன்னடத்தைக் கண்காணிப்பில்) வைத்து, ஒழுங்காக முடித்தால் கேஸைத் தள்ளுபடி செய்யும் முறை இது. டெக்சஸில் லைசென்ஸ் விஷயத்தில் பொதுவாக இதைத் தண்டனையாக எண்ண மாட்டார்கள். கடைத் திருட்டில் இப்படி முடித்தவர்களுக்கு அது பெரிய நிம்மதி. மேலே சொன்ன பாலியல் பட்டியலுக்கு மட்டும் அந்த நிம்மதி கிடையாது. "ஒப்புக்கொண்டால் சீக்கிரம் முடிந்துவிடும்" என்று யாரோ சொன்னதைக் கேட்டுக் கையெழுத்துப் போட்ட பெண்களுக்கு வாழ்நாள் முழுக்க இந்தத் தொழில் இல்லாமல் போகிறது. எனக்கு இது நியாயமாகப் படவில்லை. கட்டாயத்துக்கு உட்பட்டவரையும் கட்டாயப்படுத்தியவரையும் ஒரே வரியில் நிறுத்துகிற விதி இது.

டெக்சஸின் பெரிய பலம். படிப்பில் சேரும் முன்பே உங்கள் குற்றப் பதிவை மதிப்பிட்டு ஒரு கடிதம் தரும்படி டி.டி.எல்.ஆரைக் கேட்கலாம். கட்டணம் சொற்பம். 90 நாளுக்குள் பதில் தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. இன்னொன்றும் உண்டு, இதைத் தெரிந்தவர்கள் குறைவு: குற்றப் பதிவு இருந்தால் லைசென்ஸ் கிடைக்காமல் போகலாம், முன்கூட்டியே மதிப்பீடு கேட்கும் உரிமை உண்டு என்று பள்ளி உங்களிடம் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாமல் சேர்த்து, பிறகு அந்தக் காரணத்தால் லைசென்ஸ் மறுக்கப்பட்டால், கட்டிய பணத்தைத் திருப்பித் தரும்படி பள்ளிக்கு உத்தரவிடச் சட்டத்தில் இடம் இருக்கிறது. சேர்க்கைத் தாள்களில் அந்த அறிவிப்பு இருக்கிறதா என்று பாருங்கள், ஒரு நகல் எடுத்து வையுங்கள்.

2019-இல் டெக்சஸ் இன்னொரு நல்ல மாற்றமும் செய்தது. தொழிலோடு நேரடித் தொடர்பில்லாத குற்றத்தை, அது சமீபத்தில் நடந்தது என்பதற்காகவே காரணம் காட்டும் வழியை எடுத்துவிட்டார்கள். மறுப்பதற்கு முன்னால் நோட்டீஸ் கொடுத்து, உங்கள் தரப்புத் தாள்களை அனுப்பக் குறைந்தது 30 நாள் தர வேண்டும். குற்றம் நடந்தபோது வயது என்ன, எவ்வளவு காலம் ஆகிறது, அதன் பிறகு எப்படி நடந்துகொண்டீர்கள், யார் உங்களுக்காகக் கடிதம் தருகிறார்கள் என்பதை எல்லாம் பார்க்க வேண்டும்.

வெளியில் தெரியாத செலவு. காத்திருக்கும் அந்த 90 நாள் ஒரு பள்ளிப் பருவத்தைத் தள்ளிப் போடலாம். தள்ளிப் போகட்டும். அந்த மூன்று மாதத்தில் தேர்வுக்குப் படிக்கலாம்.

யாருக்கு ஏற்றது? கடைத் திருட்டு போன்ற ஒரு மிஸ்டிமீனர் உள்ளவருக்கு நான் முதலில் சொல்வது டெக்சஸைத்தான். அங்கே விதி தளர்வு என்பது இதற்குக் காரணமில்லை. பதிலைப் பணம் கட்டுமுன் வாங்க முடிகிறது, அதுதான் காரணம்.

## நியூயார்க்

நியூயார்க்கில் மசாஜ் தெரபி, டாக்டர், நர்ஸ், பார்மசிஸ்ட் வரிசையில் வரும் தொழில். லைசென்ஸ் கொடுப்பது மாநிலக் கல்வித் துறை. லைசென்ஸ் இல்லாமல் செய்தால் அங்கே அது ஃபெலனி. "வீட்டிலேயே தெரிந்தவர்களுக்கு மட்டும்" என்று பணம் வாங்கிச் செய்ய நினைப்பவர்கள் இதை நன்றாக மனதில் வைக்க வேண்டும்.

படிப்பு. 1,000 மணி நேரம். வாரம் 30 மணி நேரம் படித்தால் மற்ற இரண்டு மாநிலத்தில் நான்கு மாதத்தில் முடிவது, இங்கே எட்டு மாதத்துக்கு நெருங்கும். அதற்கு மேல் மாநிலம் ஏற்கும் தேர்வு.

பின்னணி. "நல்ல ஒழுக்கம்" என்பது லைசென்ஸுக்கு ஒரு நிபந்தனை. எந்த நீதிமன்றத்திலாவது குற்றவாளி என்று தீர்ப்பானதா, ப்ளீ கொடுத்தீர்களா, நிலுவையில் கேஸ் உண்டா என்று விண்ணப்பத்தில் கேட்கிறார்கள். எந்த நீதிமன்றத்திலாவது என்றால் நம் ஊர் நீதிமன்றமும் அதில் சேரும். சந்தேகம் வந்தால் ஒழுக்கம் பற்றிய தனி விசாரணைக்கு அனுப்புவார்கள். விண்ணப்பித்த பிறகுதான் அது நடக்கும், அதாவது 1,000 மணி நேரமும் முடிந்த பிறகு.

ஆனால் சட்டத்தின் மனநிலை இங்கே வேறு. சிறை, தண்டனை பற்றிய மாநிலச் சட்டத்தின் (Correction Law) 23-ஏ பகுதி, பழைய தண்டனை இருக்கிறது என்பதற்காக மட்டும் லைசென்ஸ் மறுக்கக் கூடாது என்கிறது. குற்றத்துக்கும் தொழிலுக்கும் நேரடித் தொடர்பு இருக்க வேண்டும், அல்லது பொதுமக்களுக்கு நியாயமற்ற ஆபத்து இருக்க வேண்டும். அதைத் தீர்மானிக்கும்போது வயது, கடந்த காலம், குற்றத்தின் கடுமை, திருந்தியதற்கான சான்று எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். தண்டனை பெற்றவர்களுக்கு வேலை கொடுப்பது மாநிலத்தின் கொள்கை என்று அந்தச் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. மூன்று மாநிலங்களில் மனிதர்களை நம்பி எழுதிய விதி இதுதான் என்பது என் எண்ணம்.

கூடவே ஒரு நல்ல கருவியும் இருக்கிறது: சர்ட்டிஃபிகேட் ஆஃப் ரிலீஃப். மிஸ்டிமீனர் எத்தனை இருந்தாலும், ஃபெலனி ஒன்றுக்கு மேல் இல்லாதவர் இதைக் கேட்கலாம். கிடைத்துவிட்டால், நீங்கள் திருந்திவிட்டீர்கள் என்ற அனுமானத்தோடுதான் துறை உங்கள் விண்ணப்பத்தைப் பார்க்க வேண்டும். வேறு மாநிலத்தில் நடந்த தண்டனைக்கும், நியூயார்க்கில் வசிப்பவர் இதற்கு விண்ணப்பிக்கலாம். படிப்பு நடக்கும்போதே வாங்கி வைத்துவிடுங்கள்.

வெளியில் தெரியாத செலவு. இரட்டிப்புப் படிப்பு என்றால் இரட்டிப்புப் பயணம், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள், இரண்டு மடங்கு காலம் வருமானம் இல்லாமை. எச்-4 விசாவில் (எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் துணைவருக்கான விசா) இருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. மசாஜ் லைசென்ஸுக்குக் குடியுரிமையோ கிரீன் கார்டோ வேண்டும் என்ற வரி நியூயார்க் கல்விச் சட்டத்தில் எழுதப்பட்டது. பார்மசிஸ்ட்டுகளுக்கு இருந்த இதே மாதிரி வரியை, எச்-1பி போன்ற விசாவில் இருந்தவர்கள் தொடுத்த வழக்கில் 2012-இல் ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. மசாஜுக்கு உங்கள் விசாவோடு விண்ணப்பிக்க முடியுமா என்று கல்வித் துறையிடம் ஈமெயிலில் கேட்டு, வந்த பதிலைப் பத்திரமாக வைத்துக்கொண்டு சேருங்கள்.

யாருக்கு ஏற்றது? கிரீன் கார்டோ குடியுரிமையோ இருக்கிறது, நீண்ட காலம் அங்கேயே இருக்கப் போகிறீர்கள், கேஸ் கொஞ்சம் கனமானது ஆனால் திருந்தியதற்குச் சான்று கைவசம் உண்டு என்றால் நியூயார்க்கின் சட்டம் உங்கள் பக்கம் நிற்கும்.

## ஒரே பார்வையில்

| | கலிஃபோர்னியா | டெக்சஸ் | நியூயார்க் |
|---|---|---|---|
| கட்டாயமா? | மாநிலச் சான்றிதழ் விருப்பம். பல நகரங்களில் கட்டாயம் | ஆம் | ஆம் |
| படிப்பு | 500 மணி | 500 மணி | 1,000 மணி |
| தேர்வு | கட்டாயமில்லை | எம்ப்ளெக்ஸ் + மாநிலச் சட்டத் தேர்வு | மாநிலம் ஏற்கும் தேர்வு |
| முடிவெடுப்பவர் | சி.ஏ.எம்.டி.சி. | டி.டி.எல்.ஆர். | மாநிலக் கல்வித் துறை |
| நிரந்தரத் தடை | பாலியல் குற்றவாளிப் பதிவு | ஆள்கடத்தல், பாலியல் தொழில், பாலியல் குற்றங்கள். ப்ளீயும் டெஃபர்டும் சேர்த்து | ஒவ்வொரு கேஸாக 23-ஏ அளவுகோல்படி |
| முன்கூட்டியே பதில் | டெக்சஸ் போன்ற ஏற்பாடு மசாஜ் சட்டத்தில் இல்லை | உண்டு, 90 நாளில் | ஒழுக்க விசாரணை விண்ணப்பித்த பிறகே |
| பதில் சொல்ல வாய்ப்பு | 15 நாள் நோட்டீஸ் | குறைந்தது 30 நாள் | விசாரணையில் |

## இடம் மாறினால்?

500 மணி நேரப் படிப்போடு நியூயார்க் போனால் மீதி 500-ஐப் படிக்க வேண்டி வரும். மாநிலங்களுக்கிடையே பொது லைசென்ஸ் கொண்டுவர மசாஜ் காம்பேக்ட் என்று ஓர் ஒப்பந்தம் இருக்கிறது. 2023-இல் நெவாடா முதலில் சேர்ந்தது. அதற்கு 625 மணி நேரப் படிப்பு வேண்டும், பின்னணிச் சோதனையும் உண்டு. இடமாற்றம் நிச்சயம் என்று தெரிந்தால், பள்ளியில் 500-க்குப் பதில் 625 அல்லது அதற்கு மேல் உள்ள பாடத்திட்டம் இருக்கிறதா என்று கேளுங்கள். ஒரு மாநிலத்தில் மறுத்தால் அது அடுத்த மாநிலத்தின் விண்ணப்பத்திலும் எழுத வேண்டிய விஷயமாகிவிடும். அதனால் "முதலில் இங்கே போட்டுப் பார்க்கலாம்" என்று அவசரப்படாதீர்கள்.

## விசாவில் இருப்பவர்களுக்கு, எல்லா மாநிலத்துக்கும் பொதுவாக

லைசென்ஸ் கையில் இருப்பது வேலை செய்ய அனுமதி ஆகாது. எச்-4-இல் படிக்கலாம், வேலைக்கு ஈ.ஏ.டி. என்ற வேலை அனுமதி அட்டை வேண்டும். 2015 மே மாதத்திலிருந்து, கிரீன் கார்டு வரிசையில் குறிப்பிட்ட கட்டம் தாண்டிய எச்-1பி ஊழியர்களின் துணைவருக்கு அது கிடைக்கிறது.

இதைவிடப் பெரிய விஷயம், குடியேற்றச் சட்டம் தண்டனையை அளக்கும் விதம். குற்றத்தை ஒப்புக்கொண்டு, ஏதோ ஒரு தண்டனையோ கட்டுப்பாடோ விதிக்கப்பட்டிருந்தால் குடியேற்றத் துறைக்கு அது குற்றவாளி என்ற தீர்ப்புதான். டெக்சஸ் டெஃபர்டு, கலிஃபோர்னியா 1203.4 தள்ளுபடி இரண்டும் அங்கே பொதுவாக எடுபடாது. குடும்ப வன்முறைத் தண்டனை நாடு கடத்தலுக்கே காரணமாகலாம். லைசென்ஸ் துறை கேட்கிறது என்று பழைய கேஸை மறுபடி திறக்கவோ, ப்ளீயை மாற்றவோ போகும் முன் குடியேற்ற வக்கீல் ஒருவரிடம் அந்த உத்தரவைக் காட்டுங்கள். இந்தச் செலவை மட்டும் மிச்சப்படுத்தாதீர்கள்.

## கேஸ் வாரியாக என் பரிந்துரை

கடைத் திருட்டு, ஒரே முறை. டெக்சஸ் முதலில். வாடிக்கையாளர் பையையும் நகையையும் கழற்றி வைத்துவிட்டுப் படுக்கும் தொழில் என்பதால், திருட்டைத் தொடர்பில்லாத குற்றம் என்று யாரும் ஒதுக்கிவிட மாட்டார்கள். காலமும் அதன் பிறகான வேலை வரலாறும் உதவும். கலிஃபோர்னியாவும் சரிதான், விளக்கக் கடிதத்தை நன்றாக எழுதினால்.

குடித்துவிட்டு ஓட்டியது, ஒரே முறை. மூன்றில் எதுவும் சரி. வசதியைப் பார்த்து முடிவெடுங்கள்.

வீட்டுச் சண்டையில் அடிதடிக் கேஸ். அடுத்தவர் உடலைத் தொடும் தொழில் என்பதால் எந்த மாநிலமும் இதைக் கவனித்துப் பார்க்கும். டெக்சஸில் முன்மதிப்பீட்டுக் கடிதம் வாங்குங்கள், அல்லது நியூயார்க்கில் சர்ட்டிஃபிகேட் ஆஃப் ரிலீஃபோடு போங்கள். கவுன்சலிங் முடித்த சான்று, ப்ரொபேஷன் முடிந்த உத்தரவு கட்டாயம் வேண்டும். விளக்கக் கடிதத்தில் துணைவர் மேல் பழியைப் போட்டு எழுதாதீர்கள். என்ன நடந்தது, நீங்கள் என்ன செய்தீர்கள், அதற்குப் பிறகு என்ன மாறியது என்று ஒரு பக்கத்துக்குள் நேராக எழுதினால் போதும்.

பாலியல் தொழில் பிரிவில் ப்ளீ. டெக்சஸ் முடியவே முடியாது. மற்ற இரண்டிலும் கடினம். ஆனால் யாராவது உங்களைக் கட்டாயப்படுத்தியோ ஏமாற்றியோ, பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்துக்கொண்டோ அந்த இடத்தில் வேலை செய்ய வைத்திருந்தால் நீங்கள் ஆள்கடத்தலால் பாதிக்கப்பட்டவர். அப்படிப்பட்டவர்களின் தண்டனையை நீதிமன்றமே ரத்து செய்யும் சட்டத்தை 2010-இல் நாட்டிலேயே முதலாவதாக நியூயார்க் கொண்டுவந்தது. கலிஃபோர்னியாவில் 2017 முதல் அது உண்டு. இது 1203.4 மாதிரி வெறும் தள்ளுபடி கிடையாது; தீர்ப்பையே நீக்குவது. லைசென்ஸுக்கும் குடியேற்றத்துக்கும் அந்த வித்தியாசம் மிகப் பெரியது. பாதிக்கப்பட்டவர்களுக்கு இலவசமாக இந்த மனுவைப் போட்டுத் தரும் சட்ட உதவி அமைப்புகள் இரண்டு மாநிலத்திலும் இருக்கின்றன. தமிழுக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று அவர்களிடம் கேளுங்கள். அந்த மனுவுக்கு முடிவு தெரியும் வரை எந்தப் பள்ளிக்கும் பணம் கட்ட வேண்டாம்.